கன்னம் இழுக்கிறது, நெற்றி மின்னுகிறது: முகத்துக்கு எந்த மாய்ஸ்சரைசர்?

பாதத்தில் காய்ப்பு ஏறிய இடத்தைச் சீவி எடுத்துக் காயவைத்தால், அந்தத் தோல்துண்டு அட்டை மாதிரி விறைத்துவிடும். வளைத்தால் ஒடியும். அதை எண்ணெயில் ஊறப்போட்டால் மெத்தென்று ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைச் செய்து பார்த்தார். எண்ணெயில் கிடந்த பின்னும் துண்டு விறைப்பாகவே இருந்தது. தண்ணீரை உறிஞ்சிய பிறகுதான் வளைந்து கொடுத்தது. 1952இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, தோலை மிருதுவாக வைத்திருப்பது எண்ணெய் என்று அதுவரை இருந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது.

சரி, தண்ணீர்தான் வேலை செய்கிறது என்றால் முகத்தைக் கழுவினாலே போதுமே? போதாது என்பது நம் முகத்துக்கே தெரியும். கழுவித் துடைத்த உடன் கன்னம் பூப்போல இருக்கும். பத்து நிமிடம் கழித்து வாயை அகலத் திறந்து பாருங்கள், உதட்டோரம் இழுக்கும். உள்ளே போன தண்ணீர் காற்றோடு போய்விட்டது. அதற்கு முன்பே, தோலில் இருந்த எண்ணெயையும் உப்புகளையும் கழுவும் சோப்பு கொஞ்சம் கொண்டுபோய்விட்டது. ஆக, மாய்ஸ்சரைசரின் வேலை தண்ணீர் ஊற்றுவதைவிட, இருக்கிற தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்வது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால், கடை அலமாரியில் நிற்கிற நாற்பது டப்பாக்களில் முப்பதை எளிதாகத் தள்ளிவிடலாம்.

கசிவு நடக்கும் இடம் தோலின் மேலடுக்கு. தடிமன் ஒரு தலைமுடியைவிடக் குறைவு, சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். செத்த செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கியிருக்கும். செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே பூசியிருக்கும் சாந்து செராமைடு (தோலிலேயே உருவாகும் ஒரு கொழுப்பு), கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றாலான கலவை. எடைக் கணக்கில் ஏறத்தாழ பாதி செராமைடுதான். செங்கலுக்குள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டேட் போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். சாந்து விரிசல் விட்டாலோ, செங்கலுக்குள் பிடிமானம் குறைந்தாலோ, அடியிலிருந்து வரும் ஈரம் வியர்வையே இல்லாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

டப்பாவில் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வகைப் பொருள்கள்தான். முதல் வகை ஈரத்தைப் பிடிப்பது: கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், யூரியா. இரண்டாவது, செல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை நிரவி வழுவழுப்பாக்குவது: ஸ்குவாலேன், ஷியா வெண்ணெய், கொழுப்பு ஆல்கஹால்கள். (பெயரில் ஆல்கஹால் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீட்டைல் ஆல்கஹால் மெழுகு மாதிரியான பொருள், தோலைக் காயவைக்காது. காயவைப்பது எத்தனால் வகை.) மூன்றாவது, மேலே மூடி போடுவது: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன் (ஒரு சிலிக்கோன் வகை), லனோலின், தேன்மெழுகு. எந்த மாய்ஸ்சரைசர் யாருக்கு என்பது இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்ததே.

இதில் ஹயலூரானிக் அமிலத்துக்குக் கிடைக்கிற புகழைப் பார்த்தால் எனக்குக் கிளிசரின்மேல் இரக்கம்தான் வருகிறது. ஹயலூரானிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. முகத்தில் நடப்பது அவ்வளவு பிரமாதம் இல்லை. பெரிய மூலக்கூறு, மேலேயே படலமாகத் தங்கும், கொஞ்ச நேரம் முகம் நிறைந்தாற்போலத் தெரியும். கிளிசரினோ சின்ன மூலக்கூறு. மேலடுக்குக்குள் இறங்கி அங்கேயே நிற்கும். நம் தோலிலும் இயல்பாகவே கிளிசரின் உண்டு. அதைக் கடத்துவதற்கென்றே செல்களில் அக்குவாபோரின்-3 என்ற வாய்க்கால் புரதம் இருக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குத் தோல் வறண்டது, கிளிசரின் கொடுத்ததும் சரியானது. லேபிளில் தண்ணீருக்கு அடுத்தபடி கிளிசரின் என்று இருந்தால் நான் அந்த டப்பாவை மரியாதையோடு பார்ப்பேன்.

ஈரத்தைப் பிடிப்பது மட்டும் போட்டு மூடி போடாமல் விட்டால், பிடித்த ஈரமும் போய்விடும். சீரம் என்ற மெல்லிய திரவத்தை மட்டும் தடவிக்கொண்டு, "முகம் இன்னும் வறட்சியாகவே இருக்கிறதே" என்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். மூடி வகையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆள் இல்லை. 1872இல் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை வாங்கிய அதே வாசலின் இன்றும் நீர்க்கசிவைத் தடுப்பதில் அளவுகோலாக நிற்கிறது. குறை, பிசுபிசுப்பு. முகம் முழுக்கப் பூசிக்கொண்டு வெளியே போக யாருக்கும் மனம் வராது.

அந்தப் பிசுபிசுப்பைக் குறைக்கத்தான் தண்ணீரையும் எண்ணெயையும் கலக்கிற வித்தை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலனின் பெயரில் வழங்கும் பழைய கோல்டு க்ரீம், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்து அடித்தது. பூசினால் கலவை உடைந்து தண்ணீர் ஆவியாகும், முகம் சில்லென்று இருக்கும், அதனால்தான் கோல்டு, அதாவது குளிர்ச்சி, என்ற பெயர். அதிக நாள் தாங்காது, பிரிந்துவிடும். 1900இல் ஐசக் லிஃப்ஷுட்ஸ் ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து யூசெரிட் என்ற இணைப்புப் பொருளை எடுத்தார். அதை வைத்து 1911இல் வந்த நிவியா க்ரீமில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நின்றன. இன்றைய ஜெல், லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட் எல்லாம் இந்தக் கலவையின் படிகள். ஜெல்லில் தண்ணீர் அதிகம், எண்ணெய் மிகக் குறைவு. லோஷனில் கொஞ்சம் கூடும். க்ரீமில் இன்னும் கூடும். ஆயின்ட்மென்டில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை.

சரும வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? மிதமான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் மினுங்கி, டிஷ்யூ பேப்பரை ஒற்றினால் பளபளப்பாகக் கறை விழுகிறதா? எண்ணெய்ப் பசை. எங்கேயும் கறை இல்லாமல், கன்னத்தில் மெல்லிய கோடுகளும் வெள்ளைச் செதிலும் தெரிந்தால் வறண்டது. நடுவில் மினுங்கி ஓரத்தில் இழுத்தால் கலவை. எதைப் போட்டாலும் சிவந்து எரிந்தால் அது வேறு கணக்கு. எண்ணெய்ச் சருமமும் அப்படி எரியலாம், வறண்ட சருமமும் எரியலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி பாவ்மன் எண்ணெயா வறட்சியா, எரியுமா எரியாதா, கரும்புள்ளி விழுமா, சுருக்கம் விழுமா என்று நாலு கேள்வி கேட்டு 16 வகையாகப் பிரித்தார். மாய்ஸ்சரைசர் வாங்க முதல் இரண்டு கேள்வி போதும்.

எண்ணெய் இருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் இருபதுகளில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். நெற்றி எண்ணெய் வடியும் என்பதால் நுரை பொங்கும் ஒரு ஃபேஸ்வாஷால் ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவினேன். க்ரீம் பக்கமே போகவில்லை. மூன்றே வாரத்தில் மூக்கின் இரண்டு மடிப்பிலும் தவிடு மாதிரி தோல் உரிந்தது. அதே நேரத்தில் நெற்றி வழக்கம்போல மின்னியது. வெறும் தண்ணீர் பட்டாலே மடிப்பு எரிந்தது. எண்ணெயைச் சுரப்பது முகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும் சுரப்பிகள். அவற்றை நடத்துவது பெரும்பாலும் ஹார்மோன். ஃபேஸ்வாஷ் சொல்லி அவை நிறுத்தப்போவதில்லை. நான் உடைத்தது சுவரின் சாந்தை. கழுவுவதை இரண்டு தடவையாகக் குறைத்து, ஒரு சாதாரண லோஷன் போட ஆரம்பித்ததும் உரிவது நின்றது. நெற்றி இன்றைக்கும் மின்னத்தான் செய்கிறது.

எனவே எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் உண்டு, மூடி வகை மட்டும் குறைவாக இருக்கட்டும். கிளிசரினோடு டைமெதிகோன் சேர்ந்த ஜெல் அல்லது மெல்லிய லோஷன் நன்றாகப் பொருந்தும். டைமெதிகோன் மூடியும் போடும், பிசுக்கும் தெரியாது. நியாசினமைடு (வைட்டமின் பி3யின் ஒரு வடிவம்) இருந்தால் கூடுதல் நல்லது. தோல் தானே செராமைடு செய்துகொள்ள அது உதவுகிறது. 2 முதல் 5 சதவீதம் தாராளம். 10 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருப்பது சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கும்.

பருவுக்கு மருந்து பூசுபவர்களுக்கு மாய்ஸ்சரைசர் ஆடம்பரம் அல்ல, மருந்தைத் தாக்குப்பிடிக்க வைக்கும் துணை. ட்ரெட்டினோயின், அடபலீன், பென்சாயில் பெராக்சைடு எல்லாமே முதல் சில வாரங்களில் முகத்தை உரிய வைக்கும். பலர் அங்கேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அடியில் ஒரு மெல்லிய பூச்சு க்ரீம், அதன்மேல் ட்ரெட்டினோயின், அதன்மேல் இன்னொரு பூச்சு என்று போட்டால் எரிச்சல் நன்றாகக் குறையும்.

வறண்ட சருமத்துக்கு லோஷனோடு மல்லுக்கட்டாமல் நேரே க்ரீமுக்குப் போய்விடுவது நல்லது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்திருந்தால் சாந்தை அதே சாந்தால் பூசுகிற மாதிரி. ஷியா வெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி கலந்தது இரவுக்கு ஏற்றது. 5 சதவீத யூரியா கன்னத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் வெடித்த தோலில் பட்டால் சுரீர் என்றிருக்கும். 20, 40 சதவீத யூரியா குதிகாலுக்கானது, முகத்துப் பக்கம் வேண்டாம். வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பு குறையும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. முப்பதில் பொருந்திய ஜெல் ஐம்பத்தைந்தில் போதாமல் போவது இயல்புதான்.

க்ரீமுக்குப் பதில் சமையலறை எண்ணெயையே தடவலாமே என்ற யோசனை பலருக்கும் வரும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலியிக் அமிலம் சாந்தைக் கலைத்துவிடும். வழுவழுப்பாகத் தெரியும், அடியில் கசிவு கூடும். லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அந்த அளவு தொந்தரவு தராது. அப்படியும் எண்ணெயில் தண்ணீரும் இல்லை, கிளிசரினும் இல்லை. மேல்பூச்சாக வைத்துக்கொள்ளலாம், க்ரீமின் இடத்தில் உட்கார வைக்க முடியாது.

கலவைச் சருமத்துக்கு இரண்டு டப்பா வாங்கச் சொல்வார்கள். எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது. ஒரு மெல்லிய லோஷனை முகம் முழுக்கப் போட்டு, அதையே கன்னத்தில் மட்டும் இரண்டாம் கை ஓட்டினால் போதும். எந்தத் தொல்லையும் இல்லாத சருமக்காரர்கள் கைக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைப் போடலாம்.

எரிகிற சருமம்தான் பொறுமை கேட்கும். லேபிளில் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வாசனை கூடாது. இங்கே ஒரு வார்த்தை விளையாட்டு உண்டு: "வாசனைப் பொருள் சேர்க்காதது" என்பது ஒன்று, "மணமற்றது" என்பது வேறு. இரண்டாவதில், மூலப்பொருள்களின் நாற்றத்தை மறைக்க வாசனைப் பொருளே சேர்த்திருக்கலாம். இயற்கைத் தைலம் என்று போட்டிருந்தாலும் தோலுக்கு அது வாசனைப் பொருள்தான். கெடாமல் காக்கும் பொருள்களிலும் சில வில்லன்கள் இருந்தன. மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்கு அலர்ஜி தந்ததால் 2013இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைச் சங்கம் அதை அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள் என்று அறிவித்தது. முகத்தில் பூசி அப்படியே விடும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2017இலிருந்து தடை செய்தது. அதற்காகக் காப்புப் பொருளே வேண்டாம் என்று போகாதீர்கள். தண்ணீர் உள்ள க்ரீமில் அது இல்லாவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும்.

சிலருக்குச் சுவர் பிறப்பிலேயே பலவீனம். செங்கலுக்குள் ஈரம் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தருவது ஃபிலாக்ரின் என்ற புரதம். அதன் மரபணுவில் உள்ள பிழை எக்ஸிமா என்ற, தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது 2006இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் இர்வின் மெக்லீன் குழுவின் ஆய்வில் வெளிவந்தது. இவர்கள் க்ரீம் பூசுவது அழகுக்காக அல்ல.

லேபிள் படிக்க ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். பொருள்கள் அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்பட்டிருக்கும். 1 சதவீதத்துக்குக் கீழே போனதும் எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மின்னும் பொருள் பின்பக்கத்தில் காப்புப் பொருளுக்கும் பின்னால் கடைசியில் நின்றால், அது அலங்காரத்துக்கு வந்தது.

"துளைகளை அடைக்காதது" என்ற வாசகத்தின் கதை இன்னும் சுவாரசியம். அழகுப் பொருளால் பரு வரும் என்பதை 1972இல் ஆல்பர்ட் கிளிக்மனும் மில்ஸும் விவரித்தார்கள். எந்தப் பொருள் அடைக்கும் என்று சோதித்தது முயலின் காதில்! முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும். அந்தச் சோதனையிலிருந்து வந்த மதிப்பெண் பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2006இல் மனிதர்களிடமே சோதித்தபோது, அடைக்கும் என்று பெயர் வாங்கிய பொருள்கள் சேர்ந்த க்ரீம் அடைக்கத்தான் வேண்டும் என்று இல்லை எனத் தெரிந்தது. ஒரு பொருளின் பெயரைப் பார்த்து டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். "தோல் மருத்துவர் சோதித்தது" என்ற வாசகத்துக்கும் பெரிய எடை தரத் தேவையில்லை. என்ன சோதனை, என்ன முடிவு என்று அது சொல்வதே இல்லை.

பூசும் முறைக்கு வருவோம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஃபேஸ்வாஷ். துண்டால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். முகம் ஈரப்பசையாக இருக்கும்போதே, சொட்டுவது நின்றதும், க்ரீமை எடுத்துவிடுங்கள். போகவிருந்த ஈரம் அதோடு அகப்படும். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். 1991இல் மருந்துப் பூச்சுக்காக வகுத்த இந்த அளவின்படி முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை விரல்நுனி. அன்றாட லோஷனுக்கு என் கையளவு: முகத்துக்கு ஒரு விரல்நுனி, கழுத்துக்கு அரை. பட்டாணி அளவு என்று சொல்வது வறண்ட முகத்துக்குக் காணாது.

நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று ஐந்து புள்ளி வைத்து விரல் பரப்பில் நிரவுங்கள். கண்ணைச் சுற்றி எலும்பு தட்டுப்படும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இமைக்கு அது தானே பரவும். தாடி உள்ளவர்கள் முடிமேல் பூசிவிட்டுத் தோலை மறந்துவிடுகிறார்கள். விரல்நுனியால் முடியை விலக்கி அடியில் சேர்க்க வேண்டும். ஷேவ் செய்த உடனே வாசனை லோஷன் போட்டால் எரிவது, பிளேடு சுவரின் மேல் வரிசையைச் சீவிப் போயிருப்பதால்.

சில நேரம் பூசிய க்ரீம் அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு உருண்டு கையோடு வரும். அடுக்குகள் அதிகம், இடைவெளி குறைவு, தேய்ப்பு அதிகம். அடுத்த அடுக்குக்கு இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றிப் போட்டால் பெரும்பாலும் நிற்கும். வரிசை எளிது: மெல்லியது முதலில், கனமானது பின்னால், காலையில் சன்ஸ்க்ரீன் கடைசியில். மாய்ஸ்சரைசரிலேயே எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 இருக்கிறதே என்றால், அந்த எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. மாய்ஸ்சரைசரை அவ்வளவு கெட்டியாக யாரும் பூசுவதில்லை. இரவில் மூக்கோரம், உதட்டோரம் போன்ற உரியும் இடங்களில் மட்டும், க்ரீமுக்கு மேல் துளி பெட்ரோலியம் ஜெல்லி வைத்தால் காலையில் வித்தியாசம் தெரியும்.

புதிதாக வாங்கியதை நேரே முகத்தில் போடாமல், முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு தடவை ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்து ஆரம்பித்தால் சிவந்தபோது யாரைக் குற்றம் சொல்வது? டப்பாவின் பின்னால் திறந்த ஜாடி படமும் "12 எம்" என்ற குறியும் இருக்கும். திறந்து பன்னிரண்டு மாதம்வரை பயன்படுத்தலாம் என்று பொருள். விரலை விட்டு எடுக்கும் டப்பாவைவிட டியூபும் பம்பும் சுத்தம்.

பூசிய சில நொடிகள் லேசாகக் குறுகுறுப்பது உலர்ந்த தோலில் நடப்பதுதான். ஐந்து நிமிடம் கழித்தும் எரிந்தாலோ, மறுநாள் அரித்தாலோ கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னக் குருக்களாக வந்து அரித்தால் அது பருவாகவே இருக்க வேண்டியதில்லை. மலசீசியா என்ற ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகுவதாலும் வரும், எண்ணெய் மிகுந்த க்ரீம் அதற்குத் தீனி. பருவுக்கான மருந்தை எவ்வளவு பூசினாலும் அது அடங்காது. அப்போது தோல் மருத்துவரிடம் போகும்போது, முகத்தில் போடுகிற எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அந்தப் பின்பக்கப் பட்டியலைத்தான்.